லுகார் லாங்

எங்கள் இலோய்லோ நகரத்து லா பாஸ் சந்தையில் மெர்லியின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. பாச்சோய்க் கடையில் கிண்ணம் கிண்ணமாகப் பன்றி ஈரல் நூடுல்ஸ் சூப் ஊற்றிக் கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. சூப்பை விட அவள் பேச்சுக்குத்தான் சூடு அதிகம் என்று கடைக்கு வருகிறவர்களே சொல்வார்கள். ஒருமுறை ஒருவர், "ஈரல் ரொம்பக் கம்மியா இருக்கே" என்று கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே முனகினார். "பன்னிக்கு ஒரு ஈரல்தான் மனோங். உங்களுக்காக இன்னொண்ணு முளைக்கவா செய்யும்?" என்றாள் மெர்லி. அண்ணன் என்பதைத்தான் நாங்கள் மனோங் என்போம். அந்த மனிதர் மறுநாளும் வந்தார். திட்டு வாங்குவதற்கென்றே வருகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த மகள் ஜோவெலின் வெளியே வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். வீட்டில் பேசுவாள். ஊருக்குள் ஆளேற்றி ஓடும் ஜீப்புகளில் எழுதியிருக்கும் பெயர்களையும், எது எந்தத் தடத்தில் ஓடுகிறது என்பதையும் கேட்காமலேயே ஒப்பிப்பாள். வாசலில் ஒரு ஆள் வந்து நின்றுவிட்டால் போதும், அத்தனையும் அடைத்துக்கொள்ளும். சொந்தக்காரர்கள் வருவார்கள். பெரியவர்கள் கையை நெற்றியில் ஒற்றிக்கொள்வதுதான் எங்கள் ஊர் வணக்கம் என்பதால் கையை நீட்டுவார்கள். இவள் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள். "மரியாதை சொல்லிக் குடுக்கலையா மெர்லி?" என்று ஒரு கேள்வி வரும். அது ஆட்டிசம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதை மெர்லி எத்தனை பேருக்கு விளக்குவாள்? விளக்கினாலும், "எங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்று கையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டுகிற ஜென்மங்கள்தான் அதிகம். எனக்கே அவர்கள் கையைத் தட்டிவிடலாம் போல இருந்திருக்கிறது.

ஜோவெலினின் அப்பாவுக்குக் கப்பலில் வேலை. வருஷத்தில் பாதிக்கு மேல் கடலில் கிடப்பவர். ஆக, பிள்ளையை வளர்ப்பது மெர்லி ஒருத்திதான்.

பள்ளியில் ஜோவெலின் நல்ல பெயர்தான் எடுத்திருந்தாள். சத்தம் போடமாட்டாள், இடம் விட்டு நகரமாட்டாள். ஆனால் அந்த அமைதிக்குள் என்ன கொதிக்கிறது என்று யாருக்கும் தெரியாது. யாரோ தோளில் இடிப்பார்கள், யாரோ முகத்துக்கு நேரே சிரிப்பார்கள், குழுவாக உட்காரச் சொல்வார்கள், எழுந்து நின்று பேசச் சொல்வார்கள். அத்தனையையும் அவள் விழுங்கிக்கொண்டே இருப்பாள். பெரும்பாலும் வீட்டுக்கு வந்த பிறகுதான் வெடிக்கும். செருப்பைக் கழற்றும்போதே தரையில் விழுந்து அலறுவாள். சில நாட்களில் பள்ளியிலேயே வெடித்துவிட்டது. தன் மணிக்கட்டையே கடித்துக்கொண்டாள். ஒருமுறை நாற்காலியைத் தள்ளிவிட்டதில் பக்கத்துப் பெண்ணின் கால் வீங்கிப்போனது.

அன்று வகுப்பாசிரியை எர்லிண்டா மெர்லியைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனுஷி. திட்டவில்லை, அதுதான் மெர்லிக்கு இன்னும் வலித்தது.

"எனக்கு முன்கூட்டியே தெரிய மாட்டேங்குது மெர்லி. நல்லாத்தான் இருக்கா, நல்லாத்தான் இருக்கா, திடீர்னு பார்த்தா இப்படி ஆயிடுது. தாங்க முடியலைன்னா அவ ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் எல்லாத்தையும் நிறுத்திருவேன். அந்த ஒரு வார்த்தை வரலையே."

"சொல்ல வச்சிடறேன் மேம்."

"சீக்கிரம் பாரு. இன்னொரு பிள்ளைக்கு அடிபட்டா, வீட்டுல வச்சே படிக்க வைன்னு தலைமையாசிரியர் சொல்லிருவார். அப்புறம் நான் பேசி ஒண்ணும் ஆகாது."

வீட்டில் வைத்துப் படிக்க வைப்பது என்றால் மெர்லி வேலையை விட வேண்டும். அது கூடப் பரவாயில்லை. ஜோவெலினுக்குப் பள்ளி பிடிக்கும். அதுதான் விஷயம். பிள்ளைகள்தான் அவளை அச்சுறுத்தினார்கள். பாடமும், கரும்பலகையும், வரிசையாக நிற்கும் மேசைகளும் அவளுக்கு உயிர். சனிக்கிழமை காலையில் சீருடையைப் போட்டுக்கொண்டு கதவருகே நிற்கிற பிள்ளையிடம், இனிமேல் உனக்குப் பள்ளி இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

அன்றிலிருந்து மெர்லி பாடம் நடத்த ஆரம்பித்தாள். "போதும்னு சொல்லு, ஜோவே. போ-தும். எங்க, சொல்லு பார்ப்போம்." பிள்ளை பேசாமல் நிற்கும். மெர்லியின் குரல் ஏறும். "இதுல என்னடி கஷ்டம்? ஒரே ஒரு வார்த்தை!" பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளும். போதும் என்று சொல்லப் பழக்குகிறேன் என்று போதும் போதும் என்கிற அளவுக்குக் கத்தியவள் மெர்லி. பிறகு தானே உட்கார்ந்து அழுவாள். ஆசிரியை ஒரு சிவப்பு அட்டை செய்து கொடுத்தார், முடியாதபோது தூக்கிக் காட்டலாம் என்று. எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி ஒரு அட்டையைத் தூக்குவதா? ஜோவெலின் அதைப் புத்தகத்துக்குள் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது.

இந்த நேரத்தில்தான் சாந்தோவோடு சண்டை வந்தது.

ஹாரோவிலிருந்து லா பாஸ் வழியாகப் போகும் தடத்தில் சாந்தோவின் ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. மனைவியின் பெயரை நெற்றியில் எழுதிக்கொண்ட ஜீப், 'ராணி லூர்தெஸ்'. அதன் ஒலிபெருக்கி அடிக்கிற அடியில் தெருநாய் எழுந்து ஓடும். கல்லூரிப் பிள்ளைகள் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருந்து ஏறுவார்கள். சாந்தோவுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

மெர்லியும் மகளும் காலையில் சேர்ந்தே போவார்கள். வழியில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மெர்லி சந்தைக்குப் போய்விடுவாள். அன்று வேறு ஜீப் வரவில்லை. ஏறிய உடனே ஜோவெலின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். முட்டியோடு முட்டி இடிக்கும் கூட்டம். ஓட்டுநருக்குக் கொடுக்கச் சொல்லிப் பின்னால் இருந்து சில்லறை கைமாறிக் கைமாறி வந்தது. அது ஜோவெலினிடம் வந்து நின்றது. அவள் வாங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, "வாங்கிக் குடுத்தா கை தேய்ஞ்சிருமா? வளர்ப்பு அப்படி" என்றாள்.

"என் வளர்ப்பு இருக்கட்டும். உங்க வீட்டுல எல்லாரும் கை தேய்ஞ்சு போயா இருக்காங்க?" என்று அவளுக்கு ஒரு வெட்டு வெட்டிவிட்டு, மெர்லி ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "ஏன் மனோங், இது ஜீப்பா கல்யாண வீடா? கொஞ்சம் குறைச்சா உங்க ராணி கோவிச்சுக்குவாங்களா?"

"சத்தம் புடிக்கலைன்னா நடந்து போகலாம் இந்தாய். நடந்தா உடம்புக்கும் நல்லது" என்றார் சாந்தோ கண்ணாடியைப் பார்த்து. தங்கச்சி என்பதைத்தான் நாங்கள் இந்தாய் என்போம். ஜீப் முழுக்கச் சிரித்தது.

சிரித்துக்கொண்டிருந்த சாந்தோ கண்ணாடியில் பிள்ளையைப் பார்த்துவிட்டார். மணிக்கட்டு வாய்க்குள் இருந்தது, கண் இறுக மூடியிருந்தது. அவர் கை தானாகப் போய்ப் பாட்டை நிறுத்தியது. பள்ளி வரும்வரை ஜீப்பில் எஞ்சின் சத்தம் மட்டும்தான்.

மறுநாள் அதே நேரத்துக்கு ராணி லூர்தெஸ் வந்தது, பாட்டில்லாமல். தனக்குப் பக்கத்து இருக்கையைச் சாந்தோ காலியாக வைத்திருந்தார். அங்கே இடிப்பதற்கு ஆளில்லை, சில்லறை கைமாற்ற வேண்டியதில்லை, பக்கத்தில் அம்மா மட்டும். வேறு யாராவது அங்கே ஏற வந்தால், "அந்த இடத்துக்கு ஆள் இருக்கு, பின்னால போங்க" என்பார். பாட்டு இல்லையே என்று கல்லூரிப் பிள்ளைகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஜீப்புக்குப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார். மெர்லி அவருக்கு நன்றி சொன்னாளா என்றால், இல்லை. "இன்னிக்குத்தான் மனுஷன் மாதிரி ஓட்டறீங்க" என்றாள். அவளுக்கு வந்தது அவ்வளவுதான். அவருக்கும் அது புரிந்தது.

முன்னிருக்கையில் உட்கார்ந்து ஜோவெலின் என்ன பார்த்தாள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

எங்கள் இலோய்லோவில் ஜீப்பை நிறுத்த வேண்டுமென்றால் 'லுகார் லாங்' என்போம். இந்த இடம்தான், இங்கேயே, என்கிற மாதிரி. மணிலாக்காரர்கள் வேறு என்னவோ சொல்வார்கள், அது அவர்கள் பாடு. பின்னால் இருந்து கிழவர் சொல்வார், ஜீப் நிற்கும். பள்ளிப் பெண் முணுமுணுப்பாள், நிற்கும். கோபத்தில் ஒருவன் கத்துவான், அப்போதும் நிற்கும். ஏன் இறங்குகிறாய், இப்போதுதானே ஏறினாய், இன்னும் கொஞ்சம் பொறுக்கக்கூடாதா என்று ஒருவரும் கேட்பதில்லை. சொன்னால் நிற்கும். இந்த உலகத்தில் சொன்ன உடனே அடங்குகிற விஷயம் வேறு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெர்லி மகளுக்குத் தலை குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு நுரையும் அவசரமுமாக ஒரு தேய்ப்பு. ஜோவெலின் சின்னக் குரலில், "லுகார் லாங்" என்றாள்.

மெர்லிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடி என் தங்கமே, குளியலறையில ஜீப் ஓட்டறியா?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த சொம்பையும் தலையில் கவிழ்த்தாள். பிள்ளை அலறிக்கொண்டு மணிக்கட்டைக் கடித்தது. நன்றாகத்தானே விளையாடிக்கொண்டிருந்தது, என்ன வந்தது இதற்கு என்று மெர்லிக்கு விளங்கவே இல்லை.

திங்கட்கிழமை இதைச் சாந்தோவிடம் வேடிக்கையாகச் சொன்னாள். ஜோவெலினைப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகுதான் சொன்னாள். அந்த அளவுக்காவது அவளுக்கு நாக்கு அடங்கியது. சாந்தோ சிரிக்கவில்லை.

"நீ நிறுத்தினியா?"

"எதை மனோங்?"

"தண்ணி ஊத்தறதை. அவ லுகார் லாங்னு சொல்லியிருக்கால்ல."

"அது ஜீப்புக்குச் சொல்றதுதானே?"

"அவளுக்கு ஜீப் என்ன, குளியல் என்ன? இறக்கி விடுன்னு கேட்டிருக்கா இந்தாய். நீ பாட்டுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்ட. நான் அப்படிப் போனா என் ஜீப்புல எவன் ஏறுவான்?"

மெர்லிக்குச் சுருக்கென்றது. ஆசிரியை கேட்டாரே, அந்த ஒரு வார்த்தை! தொண்டை கிழியக் கத்திக் கற்றுக்கொடுத்தும் வராத வார்த்தை, தானாக வந்து குளியலறையில் நின்றிருக்கிறது. தன் மகள் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டிருக்கிறாள், தான் சிரித்திருக்கிறோம். அன்று கடையில் ஒருவரையும் அவள் திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று முதலாளியம்மா கேட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. தலை வாரும்போது லுகார் லாங் என்றால் சீப்பு அந்த இடத்திலேயே நிற்கும். கப்பலில் இருந்து அப்பா தொலைபேசியில் முகம் காட்டிக் கொஞ்சும்போது லுகார் லாங் என்றால், மெர்லி தொலைபேசியைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். "என்னடி, இப்பத்தானே பேச ஆரம்பிச்சேன்!" என்று அவர் புலம்புவார். "ஸ்டாப் வந்திருச்சு, இறங்கிட்டா. நாளைக்கு ஏறுவா" என்பாள் மெர்லி. மறுநாள் ஜோவெலினே வந்து ஏறுவாள், கொஞ்சம் அதிக நேரம் இருப்பாள். இறங்க முடியும் என்று தெரிந்தால் ஏறுவதற்குப் பயமில்லை போலிருக்கிறது.

பள்ளியில் மட்டும் அந்தச் சொல் வாய்க்கு வரவில்லை. ஆசிரியையிடம் சொல்லி வைக்கலாம்தான். ஆனால் மெர்லிக்கு வெட்கம். படித்த மனுஷியிடம் போய், என் பிள்ளை ஜீப் பாஷை பேசினால் பாடத்தை நிறுத்துங்கள் என்றா சொல்வது? இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று ஜனவரி வந்துவிட்டது.

ஜனவரி என்றால் எங்கள் ஊரில் தினாக்யாங். திருவிழாவுக்கு ஊரெல்லாம் முரசு. பள்ளி மைதானத்திலும் ஒத்திகை ஆரம்பித்தது. அடிக்கிற அடி வகுப்புச் சுவரில் அதிரும். ஜோவெலினின் மணிக்கட்டில் புதுப் பல்தடங்கள் தெரிந்தன. மெர்லி ராத்திரியெல்லாம் மாதா படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திருவிழா முடியும் வரைக்கும் மட்டும் காப்பாற்று தாயே, அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

மதியக் கூட்டம் முட்டிமோதும் நேரத்தில் கடைத் தொலைபேசி அடித்தது. "மெர்லி, நான் எர்லிண்டா பேசறேன். ஜோவெலின் இன்னிக்கு..." அவ்வளவுதான் கேட்டது. மெர்லி முந்திக்கொண்டாள். "வர்றேன் மேம்! இதோ வந்துட்டேன்! யாருக்கு அடிபட்டாலும் வைத்தியத்தை நான் பார்த்துக்கறேன், தலைமையாசிரியர்கிட்ட மட்டும் சொல்லாதீங்க, நான் கையெடுத்துக் கும்பிடறேன்!" என்று படபடவென்று கொட்டிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டாள். மறுமுனையில் இருந்தவர் மூச்சு விடக்கூட இவள் இடம் கொடுக்கவில்லை.

ஏப்ரனைக் கூட அவிழ்க்காமல் சாலைக்கு ஓடினாள். ராணி லூர்தெஸ் வந்துகொண்டிருந்தது, நிறைந்து வழிந்தபடி. அவள் முகத்தைப் பார்த்ததுமே சாந்தோ பின்னால் திரும்பி, "கொஞ்சம் அவசரம் சாமிங்களா, ஒரு பிள்ளை விஷயம்" என்றார். பிறகு மிதித்தார் பாருங்கள். அந்தப் பயணம் முழுக்க ஜீப்பில் ஒருவரும் லுகார் லாங் சொல்லவில்லை. ஒரு கிழவரின் வீட்டு வாசலே கடந்து போனது. அவர் அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, கையில் இருந்த மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். பள்ளி வாசலில்தான் எல்லாரும் இறங்கினார்கள். இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தார்கள். யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்கட்டும்.

ஆசிரியை வாசலுக்கே வந்துவிட்டார்.

"யாருக்கு மேம் அடி?"

"யாருக்கும் இல்ல."

"அப்ப எம்பொண்ணு..."

"மெர்லி, ஒரு நிமிஷம் வாயை மூடு. நான் சொல்லணும்." ஆசிரியையின் கண் ஈரமாக இருந்தது. "முரசுச் சத்தம் தாங்கலை. நான் கரும்பலகையில எழுதிக்கிட்டிருந்தேன். பின்னால இருந்து 'லுகார் லாங்'னு ஒரு குரல். நான் யோசிக்கவே இல்ல மெர்லி, கை அப்படியே நின்னுருச்சு. பிறந்ததுலேருந்து இந்த ஊர் ஜீப்புல போற உடம்பாச்சே! பிள்ளைங்க ரெண்டு பேர் சிரிச்சாங்க. திரும்பிப் பார்த்தா ஜோவெலின். எழுந்து நிக்கிறா. 'எந்த இடத்துல இறங்கணும்?'னு கேட்டேன். நூலகத்தைக் காட்டினா. கூட்டிட்டுப் போய் உட்கார வச்சேன். கடிக்கலை. அழலை. கொஞ்ச நேரத்துல அவளே திரும்பி வகுப்புக்கு வந்து உட்கார்ந்துட்டா. இதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். நீ எங்க சொல்ல விட்டே?"

மெர்லி ஆசிரியையின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, சாந்தோ சவாரிக்குப் போய்விட்டு மறுபடி அங்கே வந்து நின்றிருந்தார். பின்னால் ஜீப் நிறைந்திருந்தது. முன்னிருக்கை காலி. ஏறி உட்கார்ந்ததும், "என்ன ஆச்சு இந்தாய்?" என்றார். மெர்லி சொல்லப் பார்த்தாள். "மனோங், அவ... அவ வந்து..." அழுதுகொண்டே மகளைக் காட்டினாள், கரும்பலகையில் எழுதுவது போல் காட்டினாள், கையைச் சட்டென்று நிறுத்திக் காட்டினாள். "சொல்லிட்டா மனோங். அங்க சொல்லிட்டா."

சாந்தோவுக்குப் புரிந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். மனிதர் சாலையைப் பார்த்துக்கொண்டுதான் ஓட்டினார், ஆனால் என்ன தெரிந்திருக்குமோ அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். தெருமுனை ரொட்டிக் கடை வந்தது, அவர்கள் இறங்கும் இடம். சாந்தோ கவனிக்கவில்லை. மெர்லி பார்த்தாள், வாயைத் திறந்தாள், விம்மல்தான் வந்தது. சந்தையையே கதிகலங்க வைக்கிற வாய், இரண்டு வார்த்தை வராமல் தவித்தது. ரொட்டிக் கடை பின்னால் போய்விட்டது.

ஜோவெலின் திரும்பிப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, பின்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, ஜீப் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"லுகார் லாங்! எங்க அம்மா இறங்கணும்."

ஜீப் நின்றது.